சிவப்புக் கோடு போட்ட பணியாரப் பக்கம்

வக்கீலம்மா கோடு போட்டுத் தந்த என் சமையல் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு என்று ஒரு பென்சில் வைத்திருப்பார். வெள்ளைப் பணியாரப் பக்கத்தைத் திறந்தால் எனக்கு வெட்கமும் வரும், அவரை நினைத்துச் சிரிப்பும் வரும்.

கண்டனூரில் எங்கள் வீட்டை விருந்தினர் விடுதியாக்கிய பிறகு, வந்தவர்கள் கேட்டார்களே என்று பலகாரச் செய்முறைகளைப் புத்தகமாகப் போட்டேன். வெளியூர்க்காரர் ஒருவர் பணியாரப் பக்கத்தைத் தன் புத்தகத்தில் இறக்கிவிட்டார். அந்த ஆளைக் கோர்ட்டில் நிறுத்தாமல் விடுவதில்லை என்று இரண்டு புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு ஓடினேன்.

வக்கீலம்மா நிதானமாக நீல முனையால் ஆரம்பித்தார். பணியாரம் என்ற பேர், நீலம். டம்ளர் நிறையப் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்து என்கிற அளவு, நீலம். ஊறவைப்பது, ஆட்டுவது, எண்ணெயில் ஊற்றுவது எல்லாமே நீலம். "இதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லை ஆச்சி. செய்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. எடுத்த போட்டோவுக்கு உண்டு, எழுதின எழுத்துக்கு உண்டு. போட்டோவை அவர் தொடலை, செய்முறையையும் தன் வார்த்தையிலதான் எழுதியிருக்காரு" என்றார். பக்கம் நீலமாக ஆக ஆக எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசிப் பத்தியில் நின்றார். 'உளுந்து தானாச் சரியிற வரைக்கும் குவிக்கணும். சரிஞ்சதைத் திரும்ப அள்ளிப் போடாதீக. அது பேராசை, பணியாரம் கல்லாப் போயிரும்.' பென்சிலைத் திருப்பிச் சிவப்புக் கோடு போட்டார். "இதுல வசமா மாட்டிக்கிட்டாரு. ஒரு எழுத்து மாறலை. நோட்டீஸ் அனுப்பிரலாம். உங்க வார்த்தைதானே?"

எங்கள் சமையலக்கா மாவாட்டிக்கொண்டே சொன்ன வார்த்தை அது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டதுதான் என் வேலை. புத்தகத்தில் அவர் பேர் எங்கேயும் இல்லை, நன்றி என்று ஒரு வரிகூட இல்லை. திருட்டு, திருட்டு என்று கத்திக்கொண்டு வந்தவள் நான்.

உண்மையைச் சொன்னபோது வக்கீலம்மா திட்டவில்லை. டீ வரவழைத்தார். "குடிங்க முதல்ல. சொன்னவுகளுக்குத்தான் அது சொந்தம். அவுகளைக் கூட்டிட்டு வாங்க." மறுநாள் வந்த சமையலக்காவோ, "பணியாரம் சுடச் சொல்லிக் கொடுத்ததுக்கா ஆச்சி கோர்ட்டு?" என்று சிரித்தார். அவர் பேரிலேயே நோட்டீஸ் போயிற்று. வெளியூர்க்காரர் மன்னிப்புக் கேட்டு அந்தப் பத்தியை எடுத்துவிட்டார். நானும் மன்னிப்புக் கேட்டேன், அடுப்படியில் நின்று.

வக்கீலம்மா இப்போது இல்லை. புதுப் பதிப்பின் அட்டையில் சமையலக்காவின் பேர் முதலில், என் பேர் அதற்குக் கீழே. பழைய புத்தகத்தில் அந்தச் சிவப்புக் கோட்டின் ஓரமாக வக்கீலம்மா, 'சொன்னவர்' என்று எழுதி இடம் விட்டிருந்தார். அதில் சமையலக்கா கொஞ்சம் கோணலாகத் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்.