கச்சேரிக்கு முன் வந்த ஃபோன்

எங்கள் மொழிப் பயிற்சி நிலையத்தில் பிரெஞ்சு டீச்சரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வகுப்பில் யார் சரியாகப் பதில் சொன்னாலும் ‘மெர்சி’ என்பார், தப்பாகச் சொன்னாலும் ‘மெர்சி’ என்பார். பிரெஞ்சில் நன்றி என்று அர்த்தம். அதனால் மாணவர்களுக்கு அவர் மெர்சி டீச்சர். ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அழைப்பிதழில் ‘திருமதி மெர்சி’ என்றே அச்சடித்துவிட்டார்கள். “பேரும் தப்பு, திருமதியும் தப்பு. விலாசமாவது சரியா போட்டாங்களே,” என்று சிரித்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

நிலையம் ஒரு வங்கியின் மாடியில் இருக்கிறது. நான் பக்கத்து அறையில் ஆங்கிலம் எடுப்பவன். நடுவில் வெறும் பிளைவுட் தடுப்புதான். அவருடைய வினைச்சொற்கள் தடுப்பைத் தாண்டி என் வகுப்புக்குள் வந்துவிடும். என் மாணவர்கள் சிலர் இரண்டு மொழியையும் ஒரே வாக்கியத்தில் பேசக் கற்றது அப்படித்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகள்தான் அவரிடம் அதிகம் படித்தார்கள். மற்ற நேரங்களில் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பார். பல்கலைக்கழகத்துக்கு பிரெஞ்சு பேசும் விருந்தாளி யாராவது வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இருவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. அண்ணன் காய்கறி வாங்கினால் ஒரு பை மாடிக்குப் போகும். அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்றால் டீச்சர் கீழே வந்து சமைப்பார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் தொடமாட்டார்கள். அது அப்பா இறந்தபோது நடந்தது.

அப்போது டீச்சர் வேறொரு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வருடப் பரீட்சை தொடங்கிய வாரத்தில், ஊரில் அப்பா திடீரென்று போய்விட்டார். அண்ணன் விடுதிக் காப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பரீட்சை முடியும்வரை தங்கைக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காப்பாளர் அறைத் தோழியிடம் சொன்னார். தோழி மற்றவர்களிடம் சொன்னாள். கடைசியில் விடுதி முழுக்கத் தெரிந்தது, ஒருத்தியைத் தவிர. அவரோ இலக்கணத் தாள் சொதப்பிவிட்டது என்று புலம்பினார். யாரோ சொன்ன ஜோக்குக்கு வயிறு வலிக்கச் சிரித்தார். பரீட்சை முடிந்ததும் படுக்கைமேல் ஏறி நின்று ஆடினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இலக்கணத் தாளைப் பற்றி அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வீடு வந்தார். வாசலில் அப்பாவின் செருப்பைக் காணோம். வெளியே போயிருக்கிறார்போல, தப்பித்தோம் என்று நினைத்தபடிதான் உள்ளே நுழைந்தார்.

“அப்பா முகத்தைக் கடைசியா பார்க்கலைங்கறது கூட எனக்குப் பரவாயில்லை சார்,” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். “நான் ஆடினதை எல்லாரும் பார்த்தாங்களே, அதைத்தான் தாங்க முடியலை.”

அன்று அண்ணனிடம், தனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொல்லியிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்?” என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அதற்கு மேல் இருவரும் அதைப் பேசவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன.

சென்ற ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் இசைக்காரர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கோரா வாசிப்பவர். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக அறுத்து, மேலே தோலை இழுத்துக் கட்டி, நீளமான கழுத்து வைத்து, இருபத்தொரு தந்திகள் பூட்டிய வாத்தியம் அது. மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டு இரண்டு கைகளின் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மீட்டுவார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான, நெடிய ஆள். வந்த மூன்று நாளும் டீச்சர்தான் அவருக்கு வாய். விருந்தினர் அறையில் ஏசி போட்டால் தோல் இறுகிவிடும் என்று வாத்தியத்தை வராந்தாவில் வைத்துவிட்டு, அதற்குத் துணையாக அவரும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. “அவருக்கு ரூம் பிடிக்கலையா, இல்லை நம்மளையா?” என்று டீச்சரிடம் விசாரித்தார்.

இசைக்காரரின் ஃபோனுக்கு இங்கே சிம் இல்லை. விருந்தினர் விடுதியின் வைஃபையில் மட்டும்தான் பேச முடியும். அதனால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டீச்சரின் எண்ணைத் தன் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்.

கச்சேரி நாளன்று பிற்பகல் அரங்கத்தில் ஒலிபெருக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் வெளியே வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். டீச்சரின் ஃபோன் அடித்தது. வெளிநாட்டு எண். அவர் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு வந்து எடுத்தார்.

“நான் அவரோட தம்பி பேசறேன்,” என்றது பிரெஞ்சில் ஒரு குரல். “அண்ணன் பக்கத்துல இருக்காரா?”

“இல்லை. கூப்பிடட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம். அப்பா போயிட்டார். இன்னைக்குக் காலையில. அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதீங்க. வாசிப்பு முடியட்டும். அப்புறமா நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.”

“அடக்கம் எப்போ?”

“இன்னைக்கே. அவர் எப்படியும் வந்து சேர முடியாது. தெரிஞ்சு என்ன பண்ணப்போறார், பாவம்.”

ஃபோனை வைத்த பிறகும் டீச்சர் அங்கேயே நின்றார். பிறகு நேராகப் போய் நிகழ்ச்சிப் பொறுப்பாளரான பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர் கெட்டவர் இல்லை. கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“கஷ்டம்தான் மேடம். ஆனா தம்பியே வேண்டாம்னு சொல்லும்போது நாம யாரு? வைஸ் சான்சலர் கிளம்பிட்டார். பசங்க வந்து குவிஞ்சிருக்காங்க. முடிஞ்சதும் நானே கூட இருந்து சொல்றேன். இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?”

அந்தக் கடைசிக் கேள்வியை வேறு எப்படிக் கேட்டிருந்தாலும் தான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று டீச்சர் பின்னால் சொன்னார். அப்போது பேராசிரியரிடம், “தெரியலை சார்,” என்று கையை உதறிவிட்டு மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்குள் போனார்.

இசைக்காரர் தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க தம்பி ஃபோன் பண்ணார்.”

அவர் விரல் நின்றது. “அப்பாவா?”

“ஆமா. காலையில.”

அவர் வாத்தியத்தை மெதுவாகத் தரையில் படுக்கவைத்தார். பிறகு, “தம்பி எங்கிட்ட இப்பவே சொல்லச் சொன்னானா?” என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். டீச்சருக்கு வாய் வரவில்லை. “இல்லை. வாசிச்சு முடிச்சப்புறம் சொல்லச் சொன்னார்.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

டீச்சர் தன் அப்பா விஷயத்தைச் சொன்னார். இருபத்தைந்து வருடத்து விஷயம், நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இசைக்காரர் முழுவதையும் கேட்டார். பிறகு, குரலை உயர்த்தாமல், “அது உங்க கோபம். அதைக் கொண்டுவந்து என் மடியில இறக்கிட்டீங்க. எனக்கு இன்னும் ஒரு ரெண்டு மணி நேரம் அப்பா இருந்திருப்பார்,” என்றார்.

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்ததாம். தன் ஃபோனை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே அவர் வீட்டோடு பேசுவது கேட்டது. பிரெஞ்சு இல்லை, அவருடைய வீட்டு மொழி. ஒரு வார்த்தையும் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மொழி தெரியாமல் இருப்பது நிம்மதியாக இருந்தது என்றார் டீச்சர்.

பேராசிரியர் ஓடிவந்தார். டீச்சர் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. “மேடம், என்ன மேடம் இது! அவ்வளவு சொன்னேனே,” என்றார். கோபத்தைவிட அதில் தவிப்புதான் அதிகம். உள்ளே அரங்கம் நிரம்பி, மாணவர்கள் காலால் தரையைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். நானும் அங்கே பின்வரிசையில் இருந்தேன். தாமதம் ஏன் என்று தெரியாமல் நானும்தான் முணுமுணுத்தேன்.

கதவு திறந்தது. இசைக்காரர் முகம் கழுவியிருந்தார். வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு, டீச்சரைப் பார்த்து, “வாங்க. நான் பேசறதை அவங்களுக்குச் சொல்லணும். கூட்டாம, குறைக்காம,” என்றார்.

மேடை ஏறியதும் விசில் பறந்தது. அவர் உட்கார்ந்து, சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி நிறுத்தினார். டீச்சர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நம் மொழியில் சொன்னார்.

“எங்க அப்பா இன்னைக்குக் காலையில இறந்துட்டார். கொஞ்சம் முன்னாடிதான் எனக்குத் தெரிஞ்சது. இப்போ அங்க அவரை அடக்கம் பண்ணிட்டிருக்காங்க. நான் வாசிக்கிறேன். தயவுசெஞ்சு கை தட்டாதீங்க.”

கடைசி வாக்கியத்தில் டீச்சரின் குரல் உடைந்தது. ஆனாலும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அதன் பிறகு அவர் வாசித்தார். அதை விவரிக்க எனக்குச் சங்கீதம் தெரியாது. இடது கை ஒரே நடையில் போய்க்கொண்டே இருந்தது, யாரோ நெடுந்தூரம் நடப்பதுபோல. வலது கை அவ்வப்போது ஓடிப்போய் எதையோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. ஓர் இடத்தில் பாடத் தொடங்கி, இரண்டு வரியிலேயே நிறுத்திவிட்டார். கை மட்டும் நிற்கவில்லை. நடுவில் முன்வரிசையில் யாருடைய ஃபோனோ அலறியது. அந்தப் பெண் அதை அணைக்கத் தெரியாமல் மடியில் போட்டு அமுக்கிக்கொண்டே அழுதுவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் அத்தனை மாணவர்களும் எழுந்து நின்றார்கள். ஒரு கைதட்டல் இல்லை. காலால் தரையைத் தட்டிய அதே கூட்டம்தான். வைஸ் சான்சலர் பேச வேண்டிய உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

விடுதிக்குத் திரும்பும்போது காரில் டீச்சரும் இசைக்காரரும் மட்டும். வாத்தியம் இருவருக்கும் நடுவில். பாதி வழியில் அவர் பேசினார்.

“தெரியாம வாசிச்சிருந்தா இதைவிட நல்லா வாசிச்சிருப்பேன்.”

“மன்னிச்சிடுங்க,” என்றார் டீச்சர்.

“இருங்க, நான் இன்னும் முடிக்கலை. தெரியாம வாசிச்சிருந்தா சிரிச்சுக்கிட்டே வாசிச்சிருப்பேன். பசங்களையும் சிரிக்க வச்சிருப்பேன். அப்புறம் அந்தச் சிரிப்பை எங்க கொண்டுபோய் வைக்கிறது?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உங்க மேல கோபம் இன்னும் முழுசா போகலை. போயிடும். உங்க அண்ணன்கிட்ட பேசுங்க.”

மறுநாள் காலையில் அவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். விடுமுறை நாள். அண்ணன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டிக்குள்ளேயே இறங்கி நின்றதால் தலை மட்டும் வெளியே தெரிந்தது. தப்பித்து ஓட முடியாத இடத்தில் மனிதர் மாட்டியிருக்கிறார் என்று டீச்சருக்குத் தோன்றியதாம். நடந்த எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். அண்ணன் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நீ அன்னைக்கு ஏன் எனக்குச் சொல்லலை? பரீட்சைன்னு மட்டும் சொல்லாதே.”

அண்ணனின் தலை தொட்டிக்குள் குனிந்தது. பிரஷ் சிமெண்டில் உராயும் சத்தம் கொஞ்சம் வந்து நின்றது. பிறகு உள்ளேயிருந்தே பேசினார். குரல் தொட்டிக்குள் முட்டி மோதிப் பெரிதாக வந்தது.

“பரீட்சைன்னு ஊருக்குத்தான் சொன்னேன். எனக்கும் அப்போ இருபத்தி மூணு வயசுதானே. அம்மா எழுந்திருக்கவே இல்லை. வந்தவங்க எல்லாரும் எங்கிட்டதான் வந்து நின்னாங்க. நீ வந்து அழுதேன்னா நானும் உடைஞ்சிடுவேன்னு பயம். எல்லாம் முடியற வரைக்கும் நீ வராம இருந்தா போதும்னு இருந்தது.”

“இதை அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றது? ஆம்பளைப் பையன்னு எல்லாரும் முதுகுல தட்டிட்டுப் போனாங்க.” பிரஷ்ஷைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, “நீயும் அந்த ஒரு தடவைக்கு மேல கேட்கலையே,” என்றார்.

டீச்சர் தொட்டி விளிம்பில் சாய்ந்து நின்றார். அண்ணனின் உச்சந்தலை வழுக்கையாகிக்கொண்டிருப்பதை மேலிருந்து அப்போதுதான் கவனித்தார். கோபம் போய்விட்டதா என்று நான் கேட்டதற்கு, “போகலை சார். ஆனா அதுக்குள்ள ஒரு இருபத்தி மூணு வயசுப் பையன் வந்து உட்கார்ந்துட்டான். அவனைத் திட்ட மனசு வரலை,” என்றார்.

அன்றுதான் முதல்முறையாக அந்த நாளைப் பற்றிக் கேட்டார். அப்பா எந்தச் சட்டை போட்டிருந்தார்? யார் யார் வந்தார்கள்? கடைசியாக என்ன பேசினார்?

“ஃபேன் கிறீச்சுனு சத்தம் போடுது, எண்ணெய் விடுடான்னார். அவ்வளவுதான்.”

“விட்டியா?”

“எண்ணெய் எடுத்துட்டு வரதுக்குள்ள…” அண்ணன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழேயிருந்து அண்ணி கத்தினார். “குழாயில சொட்டுத் தண்ணி வரலை! ரெண்டு பேரும் மேல என்ன பண்றீங்க?”

“வருது, வருது,” என்று டீச்சர் குரல் கொடுத்தார். அண்ணன் வெளியே ஏறுவதற்குக் கையை நீட்டினார். கை வழுக்கியது. இரண்டாவது முறை டீச்சர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.