அம்பு பட்டால் மூடிக்கொள்ளும் திரை

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் எடைமேடை அறையில், எடை பதியும் வேலையிலிருந்த அவரைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனா. அங்கே லாரிகளின் எடையைப் பதியும் மென்பொருளை எழுதியவன் நான். மவுஸின் அம்பு மேலே வந்தால் நிறம் மாறும் பட்டன்களை ஆசையாகச் செய்திருந்தேன். அவரோ கூடியவரை மவுஸைத் தொடாமல், கீபோர்டிலேயே கட்டம் கட்டமாக நகர்ந்து வேலையை முடிப்பார்.

“ஏனுங்க, அம்பு நாலஞ்சு தடவ அந்தப் பட்டன் மேல போய்ட்டு வந்தாலே எல்லாம் மூடிக்குதுங்க. நான் அமுத்தறதே இல்லீங்க” என்றார்.

நான் சிரித்தேன். திரை ஏன் அடிக்கடி மூடுகிறது என்று மேனேஜர் கேட்டபோது, “அவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை” என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் அவரை மூட்டை ஏற்றும் வேலைக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவரிடமும் திரை மூடிக்கொண்டது. அதன் பிறகுதான் நிரலைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு முறை விடுவிக்க வேண்டிய நினைவகத்தை, பட்டன் நிறம் மாறும்போதெல்லாம் நிரல் இரண்டு முறை விடுவித்துக்கொண்டிருந்தது; அதில் குழம்பித்தான் திரை மூடியது. ஒரு வரியை நீக்கியதும் சரியாகிவிட்டது.

அவரைத் தேடிப் போனேன்.

“நீங்க சொன்னதுதாங்க சரி. தப்பு என்னோடது.”

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே, “இப்ப மூடறதில்லீங்களா?” என்றார்.

“இல்லீங்க.”

“அப்பச் சரீங்க” என்று மூட்டையருகே குனிந்தார்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேனா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.