ரிப்பன் கட்டாத விடுதி

கட்டி முடித்த கட்டடத்தைப் பூட்டிவைத்து அழகு பார்த்த அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

மேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்தேன். எனக்கு வீடு பழங்காநத்தம், எப்படியோ போய் வந்துவிடுவேன். என் தோழிக்கு உசிலம்பட்டி தாண்டி ஒரு ஊர். லேப் முடிந்து பஸ் மாறி மாறி அவள் வீடு சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிடும். "ஹாஸ்டல் கெடச்சாப் படி. இல்லையா, இந்த வருசத்தோட போதும்" என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்: இடமில்லை.

இடமில்லையாம், இடம்! கேண்டீனுக்குப் பின்னால் மூன்று மாடியில் புது மகளிர் விடுதி நின்றுகொண்டிருந்தது. கேட்டால், வேலை பாக்கி என்றார்கள். அப்படி என்னதான் பாக்கி, பார்த்துவிடுவோம் என்று ஒரு மதியம் நாங்கள் இருவரும் பின்பக்கமாகப் போனோம். சமையலறைக் கதவில் பூட்டு சும்மாதான் தொங்கியது. எடுத்துவிட்டு உள்ளே நுழைந்தோம்.

தரையெல்லாம் புறா எச்சம். அறைக்கு அறை இரும்புக் கட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. குழாயைத் திறந்தால் முதலில் துருத்தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். எனக்கு வயிறு எரிந்தது. அவளோ மாடியில் ஒரு மூலை அறையைப் பிடித்து, மெத்தை கரகரக்க மல்லாந்து படுத்துவிட்டாள்.

"இம்புட்டு இடத்த வச்சுக்கிட்டாடி இல்லேன்றாய்ங்க?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், கண் கலங்கியிருந்தது.

நேரே அலுவலகத்துக்குப் போனோம். விடுதிப் பொறுப்பு அதிகாரி முகம் சிவந்துவிட்டார். "உங்கள யாரு உள்ள போகச் சொன்னா? திறப்பு விழா நடக்காம எப்படி விடுறது? அமைச்சர் தேதி குடுக்கணும்ல?"

"விழாவ அப்பறமா வச்சுக்கங்க சார். இப்பத் தங்கிக்கிறோமே" என்றாள் அவள்.

"ஆளு குடியேறுன கட்டடத்த யாரும்மா வந்து திறப்பாரு?"

ஆக, பாக்கி இருந்த வேலை ஒரு முழம் ரிப்பன்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமிக்கே நேரம் ஒழியவில்லை. அந்த வருஷம் முடிந்தது, அவள் அப்பா சொன்னபடியே செய்தார். நான் மட்டும் தனியாக லேபுக்குப் போய்வந்தேன்.

அடுத்த வருஷம் ஒருவழியாகத் தேதி கிடைத்தது. பெயின்ட் அடித்தார்கள், பந்தல் போட்டார்கள். அதே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "பட்டுச்சேல கட்டிட்டு வந்துரும்மா. கத்திரிக்கோல் வச்ச தட்ட நீதான் ஏந்தணும்."

"மாட்டேன் சார். என்கூட வந்து ஒங்ககிட்ட ரூம் கேட்டாளே, அவளுக்கு இல்லாத விழா எனக்கெதுக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, அந்தப் பிள்ளைய எங்க ஆளவே காணோம்?"

"படிப்ப நிறுத்திக் கட்டிக்குடுத்துட்டாய்ங்க சார்."

"அப்படியா! ரொம்பச் சந்தோசம்" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. "நான் வாழ்த்துனேன்னு சொல்லும்மா."