அஞ்சலையின் கூடையும் அரை உரமும்

1. முகம் தெரியாதவர் கேட்ட கேள்வி

கட்டுரையை வெளியிடச் சம்மதம் என்று ஜர்னலிலிருந்து கடிதம் வந்த அன்று, டாக்டர் தேவராஜ் பிரிஞ்சாங்கிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கறிபாப் பலகாரம் வாங்கிவந்து ஆபீஸில் எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு. கட்டுரையில் முதலில் டாக்டர், அடுத்து அவருடைய உதவியாளர், மூன்றாவது பெயர் என்னுடையது.

எழுபதுகளின் கடைசி அது. நான் மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் டைப்பிஸ்ட். தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து பள்ளியில் பாரம் ஐந்து வரை படித்தவள். கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உரம் பற்றி ஆராய்ச்சி செய்ய டாக்டர் வந்தபோது, கொழுந்து நிறுத்து எழுத ஆள் கேட்டார். தோட்டத்து மேனேஜர் துரை என்னை அனுப்பிவிட்டார். இரண்டு வருடம் மழையிலும் பனியிலும் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஆராய்ச்சி சிக்கலானதல்ல. மலைச்சரிவில் அளந்து பிரித்த இருபத்து நான்கு துண்டு நிலம், எங்கள் பேச்சில் பிளாட். எட்டுக்கு முழு உரம், எட்டுக்கு அரை உரம், எட்டுக்கு உரமே கிடையாது. ஆறு பெண்கள், ஆளுக்கு நான்கு பிளாட். கொழுந்து கலந்துவிடக் கூடாது என்று டாக்டர் ஒவ்வொருத்திக்கும் ஒரே வகை பிளாட்டுகளையே கொடுத்திருந்தார். முடிவு எல்லாரையும் அசத்திவிட்டது. அரை உரம் போட்ட செடி, முழு உரம் போட்ட செடிக்குச் சமமாகக் கொழுந்து கொடுத்தது!

கடிதத்தின் கடைசியில் மட்டும் ஒரு கேள்வி இருந்தது. ஜர்னலுக்கு வரும் கட்டுரையை அதே துறையில் இருக்கும் இரண்டு பேர் படித்துக் குறை சொல்வார்கள். அவர்கள் யார் என்பது நமக்குத் தெரியாது. அப்படி ஒருவர் கேட்டிருந்தார்: அரை உரப் பிளாட்டுகளில் நடுவில் நான்கு மாதம் மட்டும் கொழுந்து ஏன் கூடியது?

"மழைன்னு எழுதிடலாம்லா, ரோசலின். அந்த மாசத்துக் கணக்க மட்டும் ஒரு தடவ பாத்துருங்க" என்றார் டாக்டர்.

2. அஞ்சலை அக்கா சொன்னது

புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். மழை பெய்தால் எல்லாப் பிளாட்டிலும் அல்லவா கூட வேண்டும்? எட்டு அரை உரப் பிளாட்டுகளில் நான்கில்தான் கூடியிருந்தது. நான்கும் அஞ்சலை அக்கா கொழுந்து எடுத்தவை. அதே நான்கு மாதம் மற்ற பிளாட்டுகளில், அதிகமாக முழு உரத்தில், எடை இறங்கியிருந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து எல்லாரும் மலையேறும்போது அஞ்சலை அக்காவோடு சேர்ந்து நடந்தேன். எங்கள் லைனிலேயே மூன்றாவது வீடு அவருடையது. அந்த நான்கு மாதம் கொழுந்து கூடியது எப்படி என்று கேட்டேன்.

"என்ன ரோசு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேக்குற? அப்பதான நான் வழுக்கி விழுந்து தோளு எறங்கிக் கெடந்தேன். ஒரு கையால எவ்வளவு எடுக்க முடியும்? எடை காணலன்னா கங்காணி கத்துவாரே. எல்லாரும் ஆளுக்கு ரெண்டு புடி அள்ளி என் கூடையில போட்டாங்க."

"எங்க வச்சு அக்கா?"

"பிளாட்டுலேருந்து தராசுக்கு நடக்கையிலதான். வேற எங்க? நீயும்தான் ஒரு நாளு முழு உரத்துப் பார்வதி கூடையிலேருந்து அள்ளி எனக்குப் போட்ட. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. போட்டேன். அது எங்கள் தோட்டத்தில் காலங்காலமாக நடப்பதுதான். உடம்பு முடியாதவள், பிள்ளைத்தாய்ச்சி, யார் கூடை குறைந்தாலும் மற்றவர்கள் நடக்கும்போதே ஒரு பிடி போடுவார்கள். போடாதவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நானும் அந்த லைனில் வளர்ந்தவள்தானே. கண்ணெதிரே நடந்ததைக் கண்டுகொள்ளாமல், பத்து அடி தள்ளி நின்று அதையே கிராமில் நிறுத்து அழகாக எழுதியிருக்கிறேன். முழு உரத்துக் கொழுந்து அக்காவின் கூடைக்குப் போய்த்தான் அரை உரம் முழு உரத்துக்குச் சமமானது என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

3. இரண்டு நாள்

சொல்வதா வேண்டாமா என்று அன்று முழுக்கக் குழம்பினேன். அப்பா என் பெயர் அச்சில் வரப்போவதைத் தோட்டம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. டாக்டருக்கோ அந்தக் கட்டுரையை வைத்துத்தான் பதவி உயர்வு. நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. கட்டுரை எழுதும்போது துரை தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். நிலம் தோட்டத்துடையது என்பது அவர் வாதம். டாக்டர் அவரிடமே, நன்றி சொல்லும் இடத்தில் போடுகிறேன், எழுதியவர் வரிசையில் வேலை செய்தவர்கள்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வரிசையில் என் பெயரைச் சேர்த்த மனிதரிடம் இதை எப்படி மறைப்பது?

போய்ச் சொன்னேன். புத்தகத்தையும் காட்டினேன். டாக்டர் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு வருஷமா பக்கத்துல நின்னீங்களே, இப்ப வந்து சொல்றீங்களா?"

"எனக்கு அது தப்புன்னே தோணல சார். நானும் ஒரு புடி போட்டேன்."

"வெளிய போங்க."

இரண்டு நாள் அவர் ஆபீஸ் பக்கம் வரவில்லை. என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"ஒவ்வொருத்திக்கும் ஒரே வகை பிளாட்டக் குடுத்தது என் தப்பு. மாத்தி மாத்திக் குடுத்திருந்தா இவ்வளவு மோசமா ஆயிருக்காது. மெஷின்ல பேப்பர் போடுங்க."

அவர் சொல்லச் சொல்ல எடிட்டருக்கு நான் டைப் செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதினார். அஞ்சலையின் பெயரை எழுதவில்லை. பழி அந்தப் பெண்கள்மேல் விழும்படி ஒரு வார்த்தையும் இல்லை. கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். என் பெயர் அவ்வளவு பெரிய இடத்துக்குப் போனது அந்தக் கடிதத்தில்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தபால்தலை ஒட்டினேன்.

4. தராசு மலையேறியது

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். பிடி போடக் கூடாது என்று உத்தரவு போடும்படி துரை சொன்னார். அப்படிச் செய்தால் எங்களுக்குத் தெரியாமல் போடுவார்கள் என்றேன். தராசையே ஒவ்வொரு பிளாட்டின் ஓரத்துக்கும் கொண்டுபோனோம். அங்கே நிறுத்து எழுதிய பிறகு யார் கூடையில் யார் எவ்வளவு போட்டாலும் எங்களுக்குக் கவலையில்லை. பிளாட்டுகளையும் மாதா மாதம் மாற்றிக் கொடுத்தோம்.

"எங்க புடிக்கு இவ்வளவு மரியாதையா!" என்று பார்வதி கேலி செய்தார். தராசைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி ஏறி என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

இரண்டு வருடம் கழித்து வந்த முடிவில் அதிசயம் எதுவும் இல்லை. அரை உரம் போட்டால் முதல் வருடம் செடி தாங்குகிறது, இரண்டாம் வருடம் நன்றாகவே இறங்கிவிடுகிறது. இது தெரிந்த விஷயம்தான் என்று பெரிய ஜர்னல் திருப்பி அனுப்பிவிட்டது. சின்ன ஜர்னல் ஒன்றில் ஆறு பக்கமாக வந்தது. தராசை எங்கே வைக்க வேண்டும், ஏன் என்று அதில் ஒரு பத்தி. என் பெயர் மூன்றாவதாகவே இருந்தது. டாக்டரின் பதவி உயர்வு தள்ளிப்போனது, ஆனாலும் வந்தது. அன்றும் கறிபாப் வாங்கினார்.

5. பாதி போதுமா

கட்டுரை வந்த சில மாதத்தில் கம்போங் ராஜா பக்கத்திலிருந்து வயதான சீனர் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். சொந்தமாகச் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தார். குடும்பமே அதை நம்பித்தான் இருந்தது. உரம் பற்றி இங்கே ஆராய்ச்சி நடப்பதாக லோரிக்காரர்கள் சொல்லிக் கேள்விப்பட்டாராம். தொப்பியைக் கையில் பிடித்தபடி என் மேஜை முன்னால் நின்று மலாயில் கேட்டார்.

"செப்பாரோ போலே கா?" பாதி உரம் போட்டால் போதுமா என்கிறார்.

"தா போலே, தவ்க்கே" என்றேன். முடியாது முதலாளி, பாதி போதாது. இரண்டாம் வருடக் கணக்கைக் காட்டி, செடி எப்படி இளைக்கும் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போன பிறகு என்னால் டைப் அடிக்க முடியவில்லை. முதல் கட்டுரை அச்சாகியிருந்தால் அதை எடுத்து விரித்து, என் பெயர் இருக்கும் இடத்தை விரலால் காட்டி, "போலே", பாதி போதும் என்று நானே பெருமையோடு சொல்லியிருப்பேன். அந்த மனிதரும் நம்பி வீட்டுக்குப் போயிருப்பார்.