குழிந்துபோன வாஷர்

சென்னை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் செல்லக்கனிக்கு ஒரு போல்ட், நட் கடை உண்டு. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவர் தவசிமுத்து மாரடைப்பில் இறந்த பிறகு, கல்லாவில் அவளே உட்கார்ந்தாள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரம், காசிமேட்டிலிருந்து வெற்றி ஓடிவந்தான். விசைப்படகில் வலை இழுக்கும் விஞ்ச் அவன் பொறுப்பு.

"விஞ்ச் ஆடிகினே கீது யக்கா. நல்ல கெட்டி போல்ட்டா குடு. சீக்கிரம், போட்டு கடலுக்கு கெளம்பப் போவுது."

உயர்ந்த ரக ஹைடென்சில் போல்ட்டைக் கொடுத்தாள். அதோடு நட்டுக்கு அடியில் போடவேண்டிய கடினப்படுத்திய வாஷர் தீர்ந்திருந்தது. வாஷர்தானே என்று சாதாவை அள்ளிப் போட்டாள்.

சில வாரங்கள் கழித்து அவன் மனைவி மலர், கழன்ற போல்ட்டும் வாஷர்களும் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள்.

"நடுக்கடல்ல விஞ்ச் நவுந்து அவரு காலு ஒடஞ்சிடுச்சி. குடிச்சிட்டு டைட் பண்ணாம உட்டுட்டான்னு ஓனரு சொல்றாரு. இனிமே போட்டுல ஏத்த மாட்டாராம். அவரு குடிக்கவே மாட்டாரு யக்கா. பாரு, போல்ட்டு ஒடையல. பின்ன எப்டி லூஸாச்சி?"

செல்லக்கனி பைக்குள்ளிருந்து ஒரு வாஷரை எடுத்தாள். நட் அழுந்திய இடம் சாஸர்போலக் குழிந்திருந்தது. ஏனோதானோவென்று முறுக்கினால் இப்படிக் குழியாது. வெற்றி முழு பலத்தோடு இறுக்கியிருக்கிறான்; மெத்தென்ற இரும்பு அதைத் தாங்காமல் அமுங்க அமுங்க, போல்ட்டின் பிடி தளர்ந்துபோயிருக்கிறது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மலருக்கு எதுவும் புரிந்திருக்காது. செல்லக்கனி கடையை மூடிவிட்டு அவளோடு ஆட்டோவில் ஏறினாள். வழியில் உண்மையைச் சொன்னாள். மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படகின் உரிமையாளர் தேசப்பன் ஐஸ் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, உங்க ஆளு நல்லாத்தான் முறுக்கியிருக்காரு. கெட்டி வாஷர் குடுக்க வேண்டிய எடத்துல சாதாவக் குடுத்தது நான். தப்பு என் மேலதான்."

தேசப்பன் வாஷரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெடித்தார்.

"இன்னாம்மா, ஈஸியா சொல்ற? உசுரு போயிருந்தா?"

பக்கத்துப் படகுக்காரர்களும் கூடிவிட்டார்கள். செல்லக்கனி தலைகுனிந்து நின்றாள். அன்றிலிருந்து தேசப்பன் அவள் கடைக்கு வரவில்லை; அவரோடு சேர்ந்து இன்னும் சிலரும் நின்றுவிட்டார்கள். ஆனால் அன்று மாலையே அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வெற்றியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலு சரியாவட்டும் நைனா. விஞ்ச் உன்னுதுதான்."

செல்லக்கனியும் போனாள். "அவசரப்படுத்துனது நான்தான யக்கா" என்றான் வெற்றி. மலர் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

தை மாதம் வெற்றி மறுபடி கடலுக்குப் போனான். அதற்குப் பிறகு ஒருநாள் மலர் கடைக்கு வந்தாள். மீன் விற்கும் மரமேசையின் கால் ஆடுகிறதாம்.

"அந்த கெட்டி வாஷரே குடு."

"மரத்துக்கு எதுக்கும்மா அது? அகலமான சாதா வாஷரே போதும்" என்றாள் செல்லக்கனி. எடுத்த வாஷர்களைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

மலர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"நீ சொன்னா சரி" என்று பையை விரித்துப் பிடித்தாள்.