பூங்காவனம் அக்கா வீட்டு கேட்டை நான் ஒட்டிய கதை

விரல் நுனியில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை. தயிர்சாதம் பிசைந்தால் அதிலும் அதே வாசனை...

2011 என்று நினைக்கிறேன். ஒரகடத்தில், மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் எனக்கு வெல்டிங் வேலை. தீப்பொறி பறக்கிற வெல்டிங் இல்லை. தலைமுடியைவிட மெல்லிய இரண்டு ஸ்டீல் கம்பிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இடுக்கியால் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலடியில் இருக்கும் பெடலை அழுத்த வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம். ஒட்டிவிடும். இதய நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் போகும் கம்பி அது. நடுவில் தும்மினால் போச்சு... தரையில் தேட வேண்டியதுதான்.

தங்கியிருந்தது சேரப்பணஞ்சேரியில், பூங்காவனம் அக்கா வீட்டு மாடி ரூமில். கூட சங்கரன்கோவில் செல்வி. அவளும் அதே கம்பெனி, பேக்கிங்.

அக்கா வீட்டு கேட்டின் கீல் ஒடிந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஆடுகள் தாராளமாக உள்ளே வந்து கனகாம்பரத்தை மேய்ந்துவிட்டுப் போகும். ஒருநாள் அக்கா என்னை வாசலில் நிறுத்தினார்.

“இன்னாமே, நீ வெல்டிங் வேலதானே செய்றே? இந்த கேட்ட கொஞ்சம் ஒட்டிக் குடேன்.”

“அக்கா, அது வேற வெல்டிங். முடி மாதிரி கம்பி.”

“முடிய ஒட்றவளுக்கு கேட்ட ஒட்றது கஸ்டமா? இஸ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லு.”

முகம் சுருங்கிவிட்டது. மறுநாளிலிருந்து, நாங்கள் ஷிப்ட் முடிந்து வரும் நேரம் பார்த்து தண்ணீர் மோட்டார் நின்றுவிடும். வேறு ரூம் பார்க்கலாம் என்றால், அந்தப் பக்கம் பெண்களுக்கு நல்ல ரூம் குதிரைக் கொம்பு.

“ஏட்டி, போய் ஒரு பொட்டு வெல்டிங் வச்சுட்டு வா. என்ன வந்துரப் போவுது?” என்றாள் செல்வி. அதோடு விடாமல், “எங்க லைன்லயே இவதான் நம்பர் ஒன்” என்று அக்காவிடமும் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு மதிய ஷிப்டில் OT. காலையிலேயே அக்கா, படப்பையில் கிரில் பட்டறை வைத்திருக்கும் தம்பியின் வெல்டிங் மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தம்பி ஊரில் இல்லை. தெருவில் இருந்த எலக்ட்ரீஷியன் ஒயரை மாட்டிக் கொடுத்துவிட்டு, வெளியே தூரமாகப் போய் நின்றுகொண்டார்.

கேட்டைச் சாத்தி, அக்காவும் செல்வியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் பிடித்தார்கள். என் ஒரு கையில் கருப்புக் கண்ணாடி, மறு கையில் வெல்டிங் குச்சி. பழக்க தோஷம்... மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வலது கால் தானாகப் பெடலைத் தேடியது.

குச்சி பட்டதும் 'டிக்' இல்லை. தீபாவளி. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது கீல் ஒட்டியிருந்தது. நன்றாகவே ஒட்டியிருந்தது. சுழல வேண்டிய கம்பியும் அது சுழலும் குழாயும் சேர்ந்து உருகி, ஒரே இரும்புக் கட்டி.

அக்கா இழுத்தார். செல்வி இழுத்தாள். வெளியிலிருந்து எலக்ட்ரீஷியன் காலை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். கேட் அசையவில்லை. ஒட்டியது பிய்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதற்குக் கம்பெனியில் பெயர் 'புல் டெஸ்ட்'. பாஸ்.

அக்கா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே ஆடு வராதில்ல?”

“வராதுக்கா.”

“நாமளும் போவ முடியாதேமே.”

அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. வேறு வழியில்லை, சுவர் ஏறினோம். அக்கா ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, “ஏறுமே, நான் புடிச்சிக்கிறேன்” என்று கீழே இருந்து தள்ளினார். டிபன் பாக்ஸ், பை, செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சுவர்மேல் வந்தன. பஸ் மொத்தமும் ஜன்னல் பக்கம் சாய்ந்து வேடிக்கை பார்த்தது.

“பொறுமையா வாங்கம்மா... கேட்ட தொறந்துகினே வந்திருக்கலாமே” என்றார் டிரைவர்.

மறுநாள் தம்பி வந்து அறுத்தெடுத்தார். “யாருக்கா வச்சது இத? ரெண்டு பிளேடு போச்சி” என்று கேட்டவரிடம் அக்கா, “நம்ம வூட்டுப் பொண்ணுடா. ஆஸ்பத்திரிக்கே வெல்டிங் பண்றவ” என்றார். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அன்று சாயங்காலம் தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது ஓசூரில், ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறேன். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர். எதிர் பிளாட்காரர்கள் நல்லவர்கள்தான், லிப்டில் பார்த்தால் சிரிப்பார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒரு குக்கர் கைப்பிடியைக்கூட, ஒட்டிக் கொடு என்று இதுவரை யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை...