நீயே வாசிச்சுக் காட்டு

கடியப்பட்டணத்துச் செசிலி இரணியல் பக்கத்து ஊர்களில் மீன் விற்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. கரையிலிருந்து மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு டெம்போவில் போவார்கள். அவரவர் தெரு வந்ததும், தலையில் சுமக்கும் மீன் பாத்திரமான சருவத்தோடு இறங்கிக்கொள்வார்கள். எந்த வீட்டில் நெத்திலி எடுப்பார்கள், எந்த வீட்டுக்காரருக்கு வாளை ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். படிப்பு நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது. கையெழுத்துப் போடுவாள், பஸ் போர்டைப் பார்த்துச் சொல்வாள், அவ்வளவுதான். புருஷன் சிலுவை கொச்சியில் விசைப்படகில் வேலை செய்தான். ஒரே மகள் அஜிஷா நாகர்கோவிலில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள்.

2016இல் கடலோரத்தில் பெரிய துறைமுகம் ஒன்று வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. கரையில் இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். இரணியல் போலக் கரையை விட்டு உள்ளே இருந்த ஊர்களில் பலர் வேண்டும் என்றார்கள். கூட்டம், மனு, கறுப்புக் கொடி என்று வெளியில் நடந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஃபேஸ்புக்கில் நடந்தது. துறைமுகத்தில் தொடங்குகிற வாக்குவாதம் பத்தாவது பதிலுக்குள் சாதிக்கும் சர்ச்சுக்கும் கோயிலுக்கும் போய், அங்கிருந்து ஒருவருக்கொருவர் அம்மாவையும் அக்காவையும் இழுப்பதில் முடியும். செசிலியிடம் இருந்தது பட்டன் ஃபோன். இதெல்லாம் அவள் காதுக்கு வந்ததே இல்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் அவள் செல்வதாஸ் சார் வீட்டு வாசலில் சருவத்தை இறக்கினாள். செல்வதாஸ் பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, அவர் மனைவி தேவகனி கேட்டுக்கொண்டாள் என்பதற்காகச் செசிலி நாற்பது நாளும் எங்கெங்கோ தேடி, தாய்க்குப் பால் சுரக்கக் கொடுக்கும் பால்சுறா கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு டம்ளர் காப்பி எப்போதும் உண்டு. அன்றைக்கு சார் ஃபோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"செசிலி, துறைமுகத்தப் பத்தி நீ என்ன நெனைக்க? சும்மா சொல்லு."

"நம்மகிட்ட கேட்டுட்டா சாரே கட்டப்போறாவ?" என்று சிரித்தாள். பிறகு யோசித்துச் சொன்னாள். "வந்தா பிள்ளைகளுக்கு வேல கிட்டும்னு சொல்லுதாவ. கிட்டட்டும், எனக்கும் ஒரு பிள்ள உண்டு. ஆனா கல்லக் கொண்டு கடல்ல போட்டா எங்க கரைய கடல் தின்னுமே. எங்க வீடு அங்கதான இருக்கு. அதுக்கு ஒரு பதிலச் சொல்லிட்டுக் கட்டட்டும்."

மறுநாள் அந்த வீடியோ 'வளர்ச்சி வேண்டும்' என்ற பக்கத்தில் வந்தது. 'எனக்கும் ஒரு பிள்ள உண்டு' என்ற இடத்தில் வெட்டியிருந்தது. மேலே, 'துறைமுகம் கேட்கும் மீனவப் பெண்' என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நடத்தியவர் செல்வதாஸ்.

கரையில் ஏலம் நடக்கிற இடத்தில் அவள் போய் நின்றதும் பக்கத்தில் நின்ற பெண்கள் தள்ளிப் போனார்கள். ஏன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா ஃபிலோமியின் மகன் ஜெஃப்ரின், கப்பல் வேலையில் லீவுக்கு வந்திருந்தவன், மூன்று பையன்களோடு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான்.

"அவனுவ உங்கள வச்சு வெளையாடுதானுவ சித்தி. நீங்க எங்களுக்கு ஒண்ணு பேசித் தாங்க. நாங்க சரியாக்குதோம்."

அவள் அதே பேச்சை முதலிலிருந்து கடைசி வரை பேசினாள். அவர்கள் பிள்ளைகளையும் வேலையையும் எடுத்துவிட்டு, கல்லையும் கடலையும் மட்டும் வைத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். மறுவாரம் இரணியல் பக்கத்துத் தெருக்களில் கதவுகள் திறக்கவில்லை. 'உங்க சாமியார் சொல்லித் தந்தத நல்லா ஒப்பிச்சியே' என்றாள் ஒரு வீட்டுக்காரி. அன்றைக்குப் பாதிக்கு மேல் மீன் ஐஸ் உருகி சருவத்திலேயே திரும்பி வந்தது.

சனிக்கிழமை அஜிஷா விடுதியிலிருந்து வந்து அம்மாவிடம் ஃபோனைக் காட்டினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கூடப் படிக்கிற பெண்கள்தான் அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு வீடியோவுக்கும் கீழே நூற்றுக்கணக்கான பதில்கள். செசிலி ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள். நான்கு வாசித்ததும் அஜிஷா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"இதுல நமக்குத் தெரிஞ்ச ஆளு உண்டா?"

"உண்டும்மா."

"அதயெல்லாம் தாளுல எடுத்துட்டு வா."

"எதுக்கும்மா? போலீசுக்கா?"

"நான் சொன்னதச் செய்யி."

ஜெராக்ஸ் கடையில் எடுத்தபோது பதினோரு தாள் வந்தது. தெரிந்த பெயர்கள் ஆறு. ஒவ்வொன்றின் அடியிலும் அஜிஷா பேனாவால் கோடு போட்டாள். முதல் பெயர் ஜெஃப்ரின். சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாளே, முதல் வீடியோவுக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செசிலி நேரே அவன் வீட்டுக்குப் போனாள். ஃபிலோமி காலைச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள். செசிலி தாளை அவன் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது மக்கா. நீ எழுதினத நீயே வாசிச்சுக் காட்டு."

அவன் தாளைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "சித்தி, அது அப்ப ஒரு கோவத்துல..."

"கோவம் இருக்கட்டும். என்ன எழுதியிருக்கு? வாசி."

"காலையில மீன் விக்கா..." என்று தொடங்கினான். அதற்கு மேல் போகவில்லை. ஃபிலோமி தாளை வாங்கி மிச்சத்தை மனதுக்குள் வாசித்தாள். மாலையில் எதை விற்பாள் என்று அதில் இருந்தது. அவள் மகனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவன் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

திங்கட்கிழமை செசிலி சருவத்தை டெம்போவில் ஏற்றவே இல்லை. தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். டைட்டஸின் பலசரக்குக் கடையில் நல்ல கூட்டம். பத்து வருடமாக அந்தக் கடையில்தான் அவள் வெற்றிலையும் சோப்பும் வாங்குவாள். அவள் கேட்டதும் டைட்டஸ் கண்ணாடியை மாட்டினான், தாளை வாங்கினான், தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தான்.

"நாத்தம் பிடிச்ச கூட்டம். நாடு முன்னேறினா இதுகளுக்குப் பொறுக்காது. இவள ஊருக்குள்ள விடப்படாது." வாசித்து முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தான். "எழுதினது நான்தான். இப்பவும் அதத்தான் சொல்லுதேன். என்ன செய்யப்போற?"

கடையில் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோரும் அவளிடம் மீன் வாங்கித் தின்றவர்கள். ஒருவர்கூட, டைட்டஸ், இது சரியில்லை என்று சொல்லவில்லை. செசிலி தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இவன் வெட்கப்படாததைவிட அவர்கள் வாய் திறக்காததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நடக்க நடக்க உடம்பு தீயாய் எரிந்தது. அந்த வேகத்திலேயே செல்வதாஸ் சார் வீட்டுக்குப் போனாள்.

அவர் மரியாதையாக நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"நான் ஒரு கெட்ட வார்த்தகூட எழுதல, செசிலி. நீ எங்க வேணும்னாலும் தேடிப் பாரு."

"எழுதல சாரே. எழுதினவனுக்கெல்லாம் கட்டைவிரலக் காட்டியிருக்கியளாம். எனக்க மக எண்ணிப் பாத்துட்டா. டைட்டசுக்கும் உண்டு."

"அது ஒரு வழக்கம். நம்ம ஆளுங்க எழுதினா லைக் போடுவோம். தனிப்பட்ட முறையில உன்மேல எனக்கு என்ன விரோதம்? இது அரசியல்."

"நான் எந்தக் கட்சி?"

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"பாதியில ஏன் வெட்டினிய?"

"முழுசும் போட்டா யாரும் பாக்கமாட்டாங்க" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. "சரி, எடுத்துடுறேன். ஆனா ஆயிரக்கணக்கில ஷேர் போயாச்சு. இனி அது நம்ம கையில இல்ல."

"கையில நிக்காதுன்னு தெரிஞ்சுதான சாரே விட்டிய. எனக்க மூஞ்சி அது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கிய ஆளு நீங்க. நான் உங்க வாசல்ல நின்னு பேசினது உங்கள நம்பி."

தேவகனி உள்ளேயிருந்து வந்து கணவரிடம், "முழுசையும் போடுங்க. இப்பவே, அவ முன்னாலேயே போடுங்க" என்றாள். போட்டார். பத்து நாள் கழித்து அஜிஷா பார்த்தபோது அந்த முழு வீடியோவைப் பார்த்திருந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். வெட்டிய துண்டுகள் இரண்டும் வாட்ஸாப்பில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன.

மிச்சம் நான்கு பேரையும் அவள் விடவில்லை. இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவன் அவள் வருவதைப் பார்த்துப் பின்வாசல் வழியாக ஓடினான். கடைசி ஆள் கோயில் கமிட்டியில் இருந்த பெரிய மனிதர். தாளை வாங்கிக் கிழித்துப் போட்டார். அவள் இன்னொரு பிரதி வைத்திருந்தாள். அதை எடுத்து நீட்டினாள். அவர் கடைசி வரை வாசிக்கவில்லை.

வியாபாரம் பழையபடி வர எட்டு மாதம் ஆயிற்று. தேவகனி தெரு முனை வரை நடந்து வந்து மீன் வாங்கினாள். அவளுக்கு நல்ல மீனாகத்தான் எடுத்துக் கொடுத்தாள் செசிலி. ஆனால் அந்த வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போகவில்லை.

துறைமுகப் பேச்சு மெல்ல அடங்கியது. 2018இல் சாப்பாட்டைப் பற்றி வேறு ஏதோ ஒரு வாக்குவாதம் ஃபேஸ்புக்கில் பற்றிக்கொண்டது. அதில் செல்வதாஸும் ஜெஃப்ரினும் ஒரே கட்சி. சார் எழுதியதை இவன் பகிர்ந்தான். இவனுக்கு அவர், 'சரியாகச் சொன்னீர்கள் தம்பி' என்று பாராட்டு எழுதினார். சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்த அஜிஷா அதைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, "விடும்மா. அவங்களே எல்லாத்தையும் மறந்தாச்சு" என்றாள்.

"மறக்கதுக்கு அவனுவளுக்கு என்ன நடந்துச்சு?" என்றாள் செசிலி. "நடந்தது எனக்குல்லா."